வீட்டில் செய்யும் மூலிகைக் களிம்பு: கஞ்சாவும் நொச்சியும்

எண்ணெயும் தேன்மெழுகும் சேர்ந்தால் களிம்பு. இத்தொழிலின் அடிப்படை இவ்வளவே. எஞ்சியவை யாவும் அளவையும் உஷ்ணநிலையையும், எண்ணெயில் எந்த மூலிகையின் சத்தை ஏற்றுகிறோம் என்பதையும் பொறுத்தவை. கிராமப் பணியாளர் ஒருவர் ஒரு பிற்பகலில் கற்றுக் கொடுக்கக் கூடிய இந்தச் சிறு தொழிலைப் பற்றி இங்கு விரிவாக எழுத நேர்ந்ததற்கு, அண்மைக் காலத்தில் பரவியுள்ள ஒரு நம்பிக்கையே காரணமாகும்.

கஞ்சா இலையை எண்ணெயில் ஊறவைத்துச் செய்த களிம்பு தோல் வறட்சியையும் தசைவலியையும் போக்கும் என்னும் பேச்சு மேல்நாடுகளிலிருந்து வந்து நம் நகரங்களில் ஊன்றிவிட்டது. பெங்களூரில் இப்பேச்சுக்குச் செல்வாக்கு அதிகம். 2020ஆம் ஆண்டில் அந்நகரின் கோரமங்கலம் பகுதியில், கஞ்சா இலை சேர்ந்த ஆயுர்வேத மருந்துகளுக்கென ஓர் ஆலோசனை நிலையம் திறக்கப்பட்ட செய்தி பத்திரிகைகளில் பரவலாக வெளிவந்தது. கடையில் விலை கொடுத்து வாங்குவதை நாமே வீட்டில் செய்துகொண்டால் என்ன என்று மகளிர் குழுக்களும் கல்லூரி மாணவர்களும் கேட்பது இயல்பே. இக்கேள்வியை நகைத்துத் தள்ளிவிடும் ஆசிரியரும், சட்டம் அறியாமல் தலையசைத்துவிடும் பணியாளரும் கேட்டவருக்கு ஒருங்கே தீங்கு செய்தவராவர். ஆகவே, சட்டத்தை முதலிலும் இரசாயனத்தை அதன் பின்னரும் பார்த்துவிட்டு அடுப்படிக்குச் செல்வோம்.

1985ஆம் ஆண்டின் போதைப் பொருள்கள் சட்டம் கஞ்சாச் செடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து நோக்குகிறது. செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகள் கஞ்சா. அதன் பிசின் சரஸ். இவ்விரண்டும் விலக்கப்பட்டவை. நுனியோடு சேராத தனி இலையும் விதையும் கஞ்சா என்னும் இலக்கணத்துக்குப் புறத்தே நிற்கின்றன. இலையிலிருந்து செய்யப்படும் பாங்கு வடமாநிலங்கள் சிலவற்றில் அரசு அனுமதி பெற்ற கடைகளில் விற்கப்படுவது இதனால்தான். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கர்நாடக உயர்நீதிமன்றம் பெங்களூரில் எழுந்த ஒரு வழக்கில் ஜாமீன் உத்தரவு பிறப்பிக்கையில், பாங்கு அச்சட்டத்தில் தடை செய்யப்பட்ட பொருளாகக் குறிக்கப்படவில்லை என்று எடுத்துக் காட்டியது. இச்செய்தியைப் படித்தவர் பலர் இனித் தடையில்லை என்று மகிழ்ந்தனர். ஆனால், அவ்வழக்கில் பாங்கு வைத்திருந்தவர் ஜாமீன் கிடைக்கும்வரை காவலில் இருக்க நேர்ந்தது என்பதையும் அவர்கள் சேர்த்துப் படித்திருக்க வேண்டும்.

மேலும், இலை விலக்கப்படாவிடினும் அந்த இலையைத் தரும் செடியை வளர்ப்பது விலக்கப்பட்டதே. அரசு அனுமதியின்றி ஒரு தொட்டியில் ஒரே ஒரு செடி வளர்த்தாலும் குற்றமாகும். பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அச்சட்டத்தின் 20ஆம் பிரிவில் இடமுண்டு. மாநிலங்களின் ஆயத்தீர்வைச் சட்டங்கள் இலையையும் தனியே கட்டுப்படுத்துகின்றன. நாரும் விதையும் எடுப்பதற்கான பயிரை அனுமதிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. உத்தரகாண்ட் மாநிலம் 2018ஆம் ஆண்டு முதல் அதைப் பயன்படுத்தி வருகிறது. அஃது உரிமம் பெற்ற வயலைப் பற்றியது. நம் வீட்டு மாடியைப் பற்றியதன்று. ஆயுர்வேத மருந்து தயாரிப்போருக்கான விதிகளிலும் இவ்விலை நச்சுப் பொருள்களின் அட்டவணையில் வைக்கப்பட்டிருக்கிறது. விதை மட்டும் அதற்கு விலக்கு. ஆகவே கஞ்சா இலைக் களிம்பை வீட்டில் செய்யலாமா என்பதற்கு நம் பணியாளர் கூற வேண்டிய விடை, கூடாது என்பதே.

இனி, அக்களிம்பு செய்வதாகக் கூறப்படும் வேலையை அஃது உண்மையில் செய்கிறதா என்று பார்ப்போம்.

இச்செடியின் மருத்துவ குணத்தை மேல்நாட்டு மருத்துவம் அறிந்துகொண்டதே நம் நாட்டில்தான். 1839ஆம் ஆண்டில் கல்கத்தாவில் வில்லியம் ஓஷாகனஸி என்னும் மருத்துவர் தம் சோதனைகளை வெளியிட்டார். போதை தரும் மூலப்பொருள் 1964ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டில் மெக்கோலம், கவோனி என்பாரால் பிரித்தறியப்பட்டது. அதுவும், போதையற்ற அதன் உடன்பிறப்பான கன்னபிடியாலும் செடியில் இருக்கும்போது அமில வடிவில் இருக்கின்றன. போதுமான வெப்பத்தால் கரியமிலவாயுவை இழந்த பின்னரே பெயர் பெற்ற அப்பொருள்களாக மாறுகின்றன. எனவே இலையை எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்துச் செய்யும் களிம்பில், விளம்பரங்கள் புகழும் பொருள் பெரும்பாலும் உருவாவதே இல்லை.

உருவானதாகவே கொள்வோம். அது தோலைக் கடந்து தசையை எட்ட வேண்டுமே! நம் தோலின் மேலடுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு கனமே உடையது. எனினும் காவல் மிகுந்தது. இறந்த அணுக்கள் செங்கற்களாகவும் கொழுப்பு சுண்ணச்சாந்தாகவும் அமைந்த மதில் அது. கன்னபிடியால் கொழுப்பை மிக விரும்பும் பொருளாதலால் மதிலுக்குள் எளிதில் நுழைகிறது. ஆனால் அதற்குக் கீழுள்ள அடுக்கு நீர் மிகுந்தது. நீரை வெறுக்கும் பொருள் அங்கே இறங்கத் தயங்கி மதிலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தோலைப் பொறுத்தவரையில் இதனால் நன்மை விளையக்கூடும். ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே கிடக்கும் தொடைத் தசைக்கு இதனால் அதிகப் பயன் எதிர்பார்ப்பதற்கில்லை. மனிதரிடம் இதுவரை நடந்த சோதனைகள் சிறியவை. சிலவற்றில் வலி குறைந்ததாகக் கண்டனர். நிலைநாட்டப்பட்ட மருத்துவம் என்று கூற இவை போதா.

இவ்விடத்தில் ஆசிரியர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. கஞ்சாச் செடியின் மணத்துக்குக் காரணமான எண்ணெய்களுள் ஒன்று கேரியோபிலின். நம் உடலில் கஞ்சாப் பொருள்கள் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இரண்டு வகைப்படும். ஒன்று பெரும்பாலும் மூளையிலும், மற்றொன்று பெரும்பாலும் நோய்தடுப்பு அணுக்களிலும் உள்ளது. கேரியோபிலின் இவற்றுள் இரண்டாவதை மட்டும் பற்றுகிறது, ஆதலால் போதை தருவதில்லை என்று 2008ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். இந்தக் கேரியோபிலின் மிளகிலும் கிராம்பிலும் நிறைய உண்டு. நொச்சி இலையின் எண்ணெயிலும் உண்டு. வேலியோரத்தில் தானே வளர்ந்து, ஆடும் தீண்டாத நொச்சியைக் கன்னடர் லக்கி கிடம் என்பர். பெங்களூரின் சுற்றுப்புறங்களில் ஏரிக்கரைகளில் இதைக் காணலாம். வீக்கத்துக்கு ஒத்தடமும் தலைக்கனத்துக்கு ஆவியுமாக நம் பாட்டிமார் கையாண்ட இலை அது. கேரியோபிலினாலேயே நொச்சி குணம் தருகிறது என்று நாம் கூறவில்லை. சட்டத்துக்கு அஞ்சி வளர்க்கும் செடியில் தேடுவதில் ஒரு பகுதி, வேலியில் கேட்பாரற்று நிற்கிறது என்பதே நாம் கூறுவது. ஆகவே நம் களிம்புக்கு நொச்சியைக் கொள்வோம்.

எண்ணெய் காய்ச்சும் முறையில் நம் பழைய வைத்தியர் கண்ட நுட்பம் வியக்கத்தக்கது. அரைத்த மூலிகை ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, நீர் அல்லது கஷாயம் பதினாறு பங்கு என்பது ஆயுர்வேத விகிதாசாரம். வகுப்பறைக்கு நீரைப் பாதியாக்கிக் கொள்ளலாம். நொச்சித் தளிரும் இலையுமாகக் கழுவி அரைத்த விழுது 50 கிராம், நல்லெண்ணெய் 200 கிராம், நீர் 400 மில்லிலிட்டர். இவற்றை அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் இட்டுச் சிறு தீயில் காய்ச்சுக. எண்ணெய் விரைவில் காறிப்போவதற்குச் செம்பும் இரும்பும் துணை செய்யும். அவ்வுலோகப் பாத்திரங்களை விலக்குக. நுரை பொங்குமாதலால் பாத்திரம் பாதிக்கு மேல் நிறையலாகாது.

எண்ணெயில் மூலிகையை நேரே பொரித்தால் நொடியில் கருகிவிடும். நீர் இருக்கும்வரை அது கருகாது. ஏன்? பாத்திரத்தில் நீர் மிஞ்சியிருக்கும் வரையில், எவ்வளவு தீயிட்டாலும் அவ்வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. கலவையின் உஷ்ணநிலை நீரின் கொதிநிலையை ஒட்டியே நிற்கிறது. பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் ஏறக்குறைய 97 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். கடைசித் துளி நீர் போனதும் இந்தத் தடை நீங்குகிறது. எண்ணெயின் உஷ்ணநிலை மளமளவென்று ஏறத் தொடங்குகிறது. அந்தக் கணத்தை அறிந்து பாத்திரத்தை இறக்குவதுதான் பதம் அறிதல். உஷ்ணமானி இல்லாத காலத்தில் வைத்தியர் இதை மூன்று புலன்களால் கண்டுபிடித்தனர். சடசடப்பு ஓய்வதைக் காது கேட்கும். கசடை எடுத்து விரல்களிடையே உருட்டினால் ஒட்டாமல் திரியாகத் திரள்வதைக் கை அறியும். இது மெழுகு பதம். ஒரு பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்தினால் வெடிக்காமல் எரிவதைக் கண் காணும். இன்னும் சிறிது விட்டால் கசடு மணல்போல் உதிரும். அது மணல் பதம். அதற்கும் அப்பால் கருகலே. மேற்பூச்சுக் களிம்புக்கு மெழுகு பதம் தாண்டியவுடன் இறக்கி, சுத்தமான துணியில் வடிகட்டுக. உஷ்ணமானி உள்ள பள்ளிகளில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உஷ்ணநிலையைக் குறித்து வரைபடம் போடச் செய்தால், சமநிலமாக ஓடிய கோடு திடீரென்று மலையேறும் இடத்தில் பதம் நிற்பதை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர். மறைவெப்பம் என்னும் பாடத்துக்கு இதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியவில்லை.

நீரை முற்றும் போக்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நீரில்லாத எண்ணெயில் பூஞ்சையும் கிருமியும் வளரா. ஈரம் சிறிது தங்கினாலும் ஒரு மாதத்தில் களிம்பின்மேல் பூசணம் படரும்.

வடிகட்டிய எண்ணெயில் 160 கிராம் எடுத்து, துருவிய தேன்மெழுகு 40 கிராம் சேர்க்க வேண்டும். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரிக்குள் உருகும். ஆதலால் நேரடித் தீ வேண்டா. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரத்தை வைத்து உருக்கினால் போதும். கடையில் தேன்மெழுகு என்று பாரபின் மெழுகைக் கொடுத்துவிடுவதுண்டு. விரல் சூட்டில் பிசைந்து பார்த்தால் தேன்மெழுகு இளகி இணங்கும். பாரபின் வழுக்கி உதிரும். கதர்க் கிராமத் தொழில் கடைகளில் நம்பி வாங்கலாம்.

எண்ணெய் நான்கு பங்குக்கு மெழுகு ஒரு பங்கு என்பது பெங்களூர் அளவு. மார்கழி மாதத்து விடியலில் அங்கே உஷ்ணநிலை 15, 16 டிகிரிக்கு இறங்கும். 24 டிகிரியில் உறையும் தேங்காய் எண்ணெய் அப்போது கல்லாகிவிடுகிறது. அதே களிம்பைச் சித்திரை மாதத்தில் சென்னைக்கோ வேலூருக்கோ கொண்டு சென்றால் டப்பாவில் தளதளவென்று ஆடும். அங்கே மூன்றுக்கு ஒன்று என்று மெழுகைக் கூட்ட வேண்டும். தேங்காய் எண்ணெயைக் கொண்டு செய்தால் இந்த மாறுபாடு இன்னும் மிகும். மூலிகை நூல்களில் காணும் அளவுகளை ஊர் பாராமல் அப்படியே எடுத்துக்கொள்வது பெருந்தவறு. உருகிய கலவையில் ஒரு துளியைக் குளிர்ந்த தட்டில் விட்டு, உறைந்தபின் விரலால் தொட்டுப் பார்த்தால் தளர்வும் இறுக்கமும் தெரியும். டப்பாவில் ஊற்றுமுன்பே இதைச் செய்க. ஊற்றியபின் திருத்துவது இரட்டை வேலை.

இதுவரை செய்தது தோலுக்கான களிம்பு. வெடித்த குதிகாலுக்கும், களையெடுத்துக் காய்ந்த கைகளுக்கும் இதுவே போதும். எண்ணெயும் மெழுகும் தோலின்மேல் மெல்லிய படலமாக நின்று, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் போகாமல் காக்கின்றன. எந்த மூலிகைக் களிம்பிலும் தோலுக்குக் கிடைக்கும் நன்மையின் பெரும்பகுதி இப்படலத்தால் வருவதே என்பதையும், புகழ் மட்டும் மூலிகைக்குப் போய்ச் சேருகிறது என்பதையும் இங்கே சொல்லிவைப்பது நேர்மை. கஞ்சா என்னும் பெயரே வேண்டும் என்று விரும்புவோர் அதன் விதை எண்ணெயைச் சேர்த்துக் கொள்ளலாம். 2021ஆம் ஆண்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதையையும் அதன் எண்ணெயையும் உணவாகவே ஏற்றுக் கொண்டுவிட்டது. தோலுக்கு உகந்த லினோலியிக் அமிலம் அதில் பாதிக்கும் மேல் உண்டு. போதைப் பொருளோ, கன்னபிடியாலோ குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. ஆயினும், இத்தகைய எண்ணெய் விரைவில் காறிவிடும், காய்ச்சவும் ஆகாது. மொத்த எண்ணெயில் கால் பங்குக்கு மேற்படாமல், மெழுகு உருகிய பிறகு கடைசியில் சேர்த்து, இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். நல்லெண்ணெயில் இயற்கையாகவே காறலைத் தடுக்கும் பொருள் உள்ளது. விலையையும் நோக்கினால் என் ஓட்டு நல்லெண்ணெய்க்கே.

தசைவலிக்கான களிம்புக்கு வேறு சில பொருள்கள் வேண்டும்: கற்பூரம் 6 கிராம், மெந்தால் 6 கிராம், நீலகிரித் தைலம் 4 மில்லிலிட்டர். இவை பெங்களூரில் கிரந்திகெ அங்கடி எனப்படும் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். பூசைக் கற்பூரக் கட்டியை உபயோகிக்கலாகாது. மருந்துத் தரம் குறித்ததையே வாங்குக. மெந்தால் நம் நாட்டுச் சரக்கு. உத்தரப் பிரதேசத்தில் புதினா வகையொன்றைப் பயிரிட்டு அதிலிருந்து எடுக்கிறார்கள். அப்பயிருக்கு உயர்ந்த இரகங்களை உருவாக்கித் தந்தது லக்னோவிலுள்ள மத்திய மருந்து, வாசனைத் தாவர ஆராய்ச்சி நிலையம். அதன் கிளை ஆராய்ச்சி மையம் ஒன்று பெங்களூரின் வடபுறத்தே இயங்குகிறது. வாசனைப் பயிர்களைப் பற்றி அறிய விரும்புவோர் அதை அணுகலாம். தைலமரம் பெங்களூர்ப் பக்கத்துக்குப் புதியதன்று; திப்பு சுல்தான் காலத்திலேயே நந்திமலையில் நடப்பட்டது. ஆனால் தைலத்துக்குப் பெயர் பெற்றது நீலகிரி மலையில் வளரும் வேறு இனமாகும்.

கற்பூரத்தையும் மெந்தாலையும் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் சேர்த்துக் குலுக்கினால், திடப் பொருள்கள் இரண்டும் சூடேற்றாமலே நீராக உருகும். ஒவ்வொன்றும் மற்றதன் உருகுநிலையைத் தாழ்த்துவதால் நிகழும் இவ்விந்தையை மாணவருக்குக் காட்டத் தவறாதீர்கள். இந்தத் திரவத்தில் நீலகிரித் தைலத்தைச் சேர்த்து, அடுப்பை அணைத்து, எண்ணெயும் மெழுகும் சற்று ஆறி ஓரங்களில் உறையத் தொடங்கும்போது கலந்து, உடனே டப்பாக்களில் ஊற்றி மூடுக. கற்பூர ஆவி தீப்பற்றக் கூடியது. எரியும் அடுப்பருகே இதைச் செய்யலாகாது.

இக்களிம்பு வலியை ஆற்றும் விதம் வேறு. மெந்தால் தோலிலுள்ள குளிர்ச்சி உணரும் ஏற்பியைத் தூண்டுகிறது. உண்மையில் தோல் குளிர்வதில்லை, குளிர்ந்ததாக நரம்பு செய்தி அனுப்புகிறது. மிளகாயின் காரம் வெப்ப ஏற்பியைத் தூண்டுவதும் இவ்வாறே. இவ்வேற்பிகளைக் கண்டறிந்த ஆராய்ச்சிக்காக ஜூலியஸ், பட்டபூஷியன் இருவருக்கும் 2021ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. குளிர்ச்சி, எரிச்சல் என்னும் புதிய செய்திகள் வலியின் செய்தியை மங்கச் செய்கின்றன. கையால் தேய்த்துவிடுவதும் தன் பங்குக்கு உதவுகிறது. வலியின் காரணம் இதனால் நீங்குவதில்லை. உழைப்பால் பிடித்துக்கொண்ட தசை இரண்டு மூன்று நாளில் தானே சரியாகும். அதுவரை ஆறுதல் தருவதே களிம்பின் வேலை. வீங்கிச் சிவந்த மூட்டு, காய்ச்சலோடு கூடிய வலி, கை கால் மரத்துப்போதல் ஆகியவற்றுக்கு மருத்துவரிடமே அனுப்ப வேண்டும்.

கற்பூரம் சேர்ந்த களிம்பைப் புண்ணிலும், வெடிப்பிலும், கண், மூக்கு அருகிலும் தடவலாகாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எங்குமே ஆகாது. கற்பூரம் வயிற்றுக்குள் சென்றால் குழந்தைக்கு வலிப்பு உண்டாக்கும். சளிக்கு நல்லது என்று பச்சிளங் குழந்தையின் மூக்கில் தடவும் வழக்கத்தைப் பணியாளர் எங்கு கண்டாலும் தடுக்க வேண்டும். நீலகிரி மலையில் கிடைக்கும் விண்டர்கிரீன் எண்ணெயைச் சிலர் சேர்க்கச் சொல்வர். அதன் ஒரு தேக்கரண்டி, 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகள் இருபதுக்கும் மேற்பட்டதற்குச் சமம்; தவறி விழுங்கும் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டுத் தயாரிப்பில் அதற்கு இடமே இல்லை. புதிய களிம்பு எதுவாயினும் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பின்னரே மற்ற இடங்களில் உபயோகிக்க வேண்டும். டப்பாவின்மேல் பொருள்களும் செய்த தேதியும் எழுதி ஒட்டுக. ஆறு மாதத்துக்குள், உலர்ந்த விரலால் எடுத்து உபயோகிக்கலாம். காறல் வாடை வந்தால் எறிந்துவிடுக.

குழுவினர் இதை விற்க விரும்பினால் நிலைமை மாறிவிடுகிறது. வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் செய்து கொடுப்பது வேறு; விலைக்கு விற்பது வேறு. மருந்தென்று விற்பதற்கும் அழகுப் பொருளென்று விற்பதற்கும் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின்கீழ்த் தனித்தனி உரிமம் வேண்டும். வாதத்தைக் குணமாக்கும் என்பன போன்ற விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. முதற் சந்தைக்குச் சரக்கைக் கொண்டு செல்லுமுன், மாநில ஆயுஷ் துறையின் மருந்து உரிம அதிகாரியிடமும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் எந்த உரிமம் தேவை என்று எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்து மூலம் பெற்றுக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது.